வாயிற் காவலும் கட்சிப் பூசலும்

மாலை வேளையிலே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நின்று தென்கிழக்கே நோக்குவோர், மீனம்பாக்கத்தை நாடித் தாழ்ந்து வரும் ஆகாய விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகளில் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களுள், வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ தம் மக்களை அனுப்பியிருப்பவை பல. விமானப் பிரயாணம் செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் கழிந்தது. ஆதலின் விமான நிலையத்துப் பாதுகாப்பு என்னும் விஷயம் இன்று நம் வீட்டு விஷயமாகவே ஆயிற்று.

சில மாதங்களுக்கு முன் யான் ஒரு விமான நிலையத்திலே சோதனை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னே நின்ற மூதாட்டியார் ஒருவர், அயலூரிலுள்ள தம் பேரனுக்கென்று ஊறுகாய்ச் சாடி யொன்றைக் கைப்பையில் வைத்திருந்தார். காவலர் அதனை வெளியே எடுத்து, "பாட்டி, இதைக் கையோடு உள்ளே கொண்டுபோக விதியில்லை" என்று பணிவாகவே கூறினர். மூதாட்டியாரோ, "ஏனப்பா, ஊறுகாய் வெடிக்குமா?" என்றார். வரிசையில் நின்றோர் அனைவரும் நகைத்தனர், காவலரும் நகைத்தார். ஆயினும் சாடி உள்ளே செல்லவில்லை.

அவ்வினாவை யான் இன்னும் மறக்கவில்லை. ஊறுகாய் வெடியாது, அஃது எல்லாரும் அறிந்ததே. ஆனால் வெடித்த பெட்டி யொன்று நம் சென்னை மாநகரத்து விமான நிலையத்திலேயே இருந்தது. அன்றும் வாயிலிலே காவலர் நின்றனர். அன்றும் விதிகள் இருந்தன. அங்ஙனமாயின், காவலராலும் கருவிகளாலும் எய்தக்கூடிய பாதுகாப்பின் எல்லை யாது? அவ்வெல்லைக்கு அப்பால் நின்று நம்மைக் காக்க வேண்டியது யாது? இவ்விரண்டு வினாக்களுக்கும் எனக்குத் தோன்றிய விடையை நம் கல்லூரி மாணவர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி இரவு நிகழ்ந்ததை முதற்கண் நினைவுகூர்வோம். கொழும்புக்குச் செல்லும் ஏர்லங்கா விமானத்திற்கெனப் பெட்டிகளை ஒப்புவித்த ஒருவர் விமானத்தில் ஏறவில்லை. அவர் விட்டுச் சென்ற பெட்டிகள் மீனம்பாக்கம் நிலையத்திலேயே தங்கின. பெட்டிகளில் வெடிகுண்டு உண்டென்று தொலைபேசி வாயிலாக எச்சரிக்கையும் வந்தது. எச்சரிக்கைக்கும் வெடிப்புக்கும் இடையே பெட்டிகளை அப்புறப்படுத்தவும் மக்களை வெளியேற்றவும் காலம் இருந்தும், அஃது வீணே கழிந்தது. இரவு பதினொரு மணியை நெருங்கும் வேளையில் குண்டு வெடித்துக் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் தம் நாடு திரும்பவிருந்த இலங்கைப் பிரயாணிகள். தமிழீழ இராணுவம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சிறு குழுவினர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. வானிலோ கொழும்பிலோ வெடிக்க வேண்டுமென்று கருதி வைத்த குண்டு, தமிழ் மக்களின் தலைநகரத்திலே வெடித்தது.

இக்கொடுமைக்குக் காரணம் சோதனைக் கருவியின் குறையென்று மட்டும் சொல்லி அமைதல் பொருந்தாது. பெட்டி ஐயத்திற்கு உரியதென்பது வெடிக்குமுன்னரே தெரிந்திருந்தது. கருவி சொல்லக் கூடியதைக் காட்டிலும் அதிகமாகவே ஒரு மனிதக் குரல் சொல்லிவிட்டது. குறைவாயிருந்தது யாதெனில், அச்சொல்லை ஏற்று உடனே செயலாற்றும் துணிவும், இன்னார் பொறுப்பு இஃது என்னும் தெளிவுமேயாம். திருவள்ளுவனார் பொருட்பாலிலே ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தனர். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஒத்துப் பார்த்துத் தெளிதல் வேண்டுமென்பது அவர்தம் கருத்து. செய்தி வருவது பாதி. அதனைத் தெளிந்து செயற்படுத்துவது மறுபாதி. அம் மறுபாதியிலேதான் நாம் அடிக்கடி வழுக்கி வீழ்கின்றோம்.

இனி, அக்குண்டு சென்னைக்கு எங்ஙனம் வந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கையிலே தமிழர்மீது நிகழ்த்தப்பட்ட கொடுமைகள் தமிழகத்தை நெஞ்சுருகச் செய்தன. உடைமையிழந்து கடல் கடந்து வந்தாரை நம் மக்கள் அன்புடன் ஏற்றனர். அவ்வன்பு முற்றும் நியாயமானது. அதனைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை. ஆனால் அவ்வன்பின் நிழலிலே வேறொன்றும் வளர்ந்தது. ஆயுதந் தாங்கிய குழுக்கள் பல இங்கே தங்கின. மத்திய அரசாங்கமே அவற்றுட் சிலவற்றிற்குப் பயிற்சியும் ஆயுதமும் அளித்தது. தமிழ்நாட்டின் இரு பெருங் கட்சிகளும் ஒன்றையொன்று விஞ்சுதற்கு முற்பட்டன. முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவளித்தார். எதிர்க்கட்சித் தலைவர் மு. கருணாநிதி டெலோ இயக்கத்திற்கு ஆதரவளித்தார். துயருற்ற இனத்திற்கு உதவி என்று தொடங்கியது, இன்ன குழு இன்ன கட்சிக்கு உரியது என்னும் கணக்காய் முடிந்தது.

இதன் விளைவு என்ன? 1982-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே சென்னைப் பாண்டி பஜாரிலே பிரபாகரனும் உமாமகேசுவரனும் ஒருவரையொருவர் துப்பாக்கியாற் சுட்டனர். கைது செய்யப்பட்டு ஜாமீனில் விடப்பட்டனர். மேலிடத்தார் எவரை விருந்தினராய்ப் போற்றுகின்றனரோ, அவர்தம் பெட்டியைத் திறக்கச் சொல்லும் துணிவு ஒரு சாதாரணக் காவலருக்கு எங்ஙனம் உண்டாகும்? இவர் எக்கட்சியின் ஆள், அவர் எவருக்கு வேண்டியவர் என்று எண்ணிப் பார்த்தபின்னரே சட்டத்தை எடுக்க வேண்டும் என்னும் நிலை வந்துவிடின், வாயிலிலே நூறு கருவிகளை நிறுவியும் பயனில்லை. மீனம்பாக்கத்திலே மாண்டோர் எக்கட்சியையும் சார்ந்தவரல்லர். கட்சிகளின் போட்டிக்கு அவர்கள் உயிரை விலையாகக் கொடுத்தனர் என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். எனினும் யான் அதனினும் மெல்லிய சொல்லைக் காணேன்.

மீனம்பாக்கம் கற்பித்த பாடம் மிக எளிது: ஆள் ஏறாத விமானத்திலே அவர் பெட்டி ஏறலாகாது, ஏறாதவர் விட்டுச் சென்ற பெட்டியைக் கணமும் தாமதியாது தனியே அகற்ற வேண்டும். இப்பாடம் கடல் கடந்து செல்லவில்லை. பதினொரு மாதம் நிரம்புமுன், 1985-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி, கனடா தேசத்து வான்கூவர் நகரிலே ஒருவர் தம் பெட்டியை ஏர் இந்தியா விமானம் வரை அனுப்ப வேண்டுமென்று வற்புறுத்தினார். அவருக்கு அவ்விமானத்தில் இடம் உறுதியாகவில்லை. ஆயினும் பெட்டி ஏற்கப்பட்டது. அவர் ஏறவில்லை. டொராண்டோவிலே எக்ஸ்-ரே கருவி இடையிற் பழுதுபட்டது. மறுநாள் 'கனிஷ்கா' என்னும் அவ்விமானம் அயர்லாந்துக்கு அருகே வானத்திலேயே வெடித்துக் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 329 பேரும் மாண்டனர். அதே நாளில் ஜப்பானிலுள்ள நரிட்டா விமான நிலையத்திலே மற்றொரு பெட்டி வெடித்து இரண்டு தொழிலாளர் மாண்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1988-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, ஸ்காட்லாந்திலுள்ள லாக்கர்பி என்னும் ஊரின்மேல் பான் அமெரிக்கன் விமானம் சிதறிய பொழுதும், காரணம் ஆளில்லாப் பெட்டியேயாம். அங்கு மாண்டோர் 270 பேர்.

கனிஷ்காவுக்குப் பின்னர் நம் நாட்டிலே, 1978-ஆம் ஆண்டு தோன்றிய விமானப் பாதுகாப்புப் பிரிவு, 1987-ஆம் ஆண்டிலே தனிப் பணியகமாக்கப்பட்டது. பெட்டியையும் ஆளையும் ஒப்பிடும் விதி உலகமெங்கும் மெல்ல மெல்ல உறுதிப்பட்டது. ஆயினும் இங்கே ஓர் உண்மையை நோக்குக. விதி எப்பொழுதும் நேற்றைய கொடியவனைப் பிடிக்கும் வலையாகவே இருக்கின்றது. பெட்டியோடு தானும் ஏறிச் சாகத் துணிந்தவனை ஆளையும் பெட்டியையும் ஒப்பிடும் விதி தடுக்கமாட்டாது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி அமெரிக்காவிலே அது விளங்கிற்று. அதன் பின்னர்ச் சிறு கத்திகள் விலக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரிலே ஒருவன் காலணியில் வெடிமருந்து வைத்தான். பின்னர்ப் பிரயாணிகள் காலணியைக் கழற்றினர். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டிலே லண்டன் நகரில் திரவ வெடிமருந்துச் சூழ்ச்சி வெளிப்பட்டது. பின்னர்த் தண்ணீரும் தைலமும் அளவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டன. மூதாட்டியாரின் ஊறுகாய்ச் சாடி விலக்கப்பட்டதன் வரலாறு இதுவே. காவலர் செய்தது பிழையன்று. ஆனால் அவர் கையிலுள்ள விதி நேற்றைய சூழ்ச்சியை அறியுமேயன்றி நாளைய சூழ்ச்சியை அறியாது. நாளையதை அறிதல் ஒற்றர்க்கும், அவர்தம் சொல்லைக் கேட்டு ஒருங்கே செயற்படும் அரசியலாளர்க்கும் உரிய வேலை. அவ்விடத்திலேதான் கட்சிப் பூசல் வந்து குறுக்கே நிற்கின்றது.

கட்சிப்பற்று எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதற்கு 1978-ஆம் ஆண்டிலே வடநாட்டில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லுகின்றேன். இந்திரா காந்தி அம்மையார் அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் தேதி சிறையிலடைக்கப்பட்டார். மறுநாள், கல்கத்தாவிலிருந்து லக்னோ வழியாய் டில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைப் போலாநாத் பாண்டே, தேவேந்திரநாத் பாண்டே என்னும் இருவர் காசிக்குத் திருப்பினர். அம்மையாரை விடுவிக்க வேண்டுமென்பது அவர்கள் கோரிக்கை. அவர்கள் கையிலிருந்தவை விளையாட்டுத் துப்பாக்கியும் கிரிக்கெட் பந்துமே என்பது பின்னர்த் தெரிந்தது. விமானத்திலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் பல மணி நேரம் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு அது விளையாட்டன்று. 1980-ஆம் ஆண்டிலே அவ்விருவரையும் காங்கிரஸ் கட்சி உத்தரப்பிரதேசச் சட்டசபைக்கு வேட்பாளராக நிறுத்தியது. இருவரும் வெற்றி பெற்றுச் சட்டமியற்றும் சபையில் அமர்ந்தனர்! தன் கட்சியான் செய்யின் தொண்டு. பிறன் செய்யின் துரோகம். இந்நீதியைக் கண்டு வளரும் இளைஞனுக்கு விமானக் கடத்தல் பெருங் குற்றமென்று எந்தப் பாடப்புத்தகம் போதித்தல் கூடும்?

ஒரு கட்சியை மட்டும் குறைகூறுவது என் கருத்தன்று. 1999-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. அப்போது ஆட்சியிலிருந்தது பாரதீய ஜனதா கட்சியின் தலைமையிலமைந்த கூட்டணி. விமானம் அமிர்தசரஸிலே ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தரையில் நின்றது. அதனை அங்கேயே நிறுத்திவைப்பதா, தாக்குவதா, எவர் கட்டளையிடுவது என்று தலைநகரத்தார் தெளியுமுன் அது மீண்டும் பறந்துவிட்டது. லாகூரையும் துபாயையும் கடந்து, ஆப்கானிஸ்தானத்துக் காந்தஹாரைச் சேர்ந்தது. பிரயாணிகளின் சுற்றத்தார் டில்லித் தெருக்களிலே அழுது புலம்பினர். டிசம்பர் 31-ஆம் தேதி, மசூத் அஸார் உள்ளிட்ட சிறைக்கைதிகள் மூவரை விடுவித்து அரசாங்கம் பிரயாணிகளை மீட்டது. மசூத் அஸார் பின்னர் ஜெய்ஷ்-இ-முகம்மது என்னும் இயக்கத்தை நிறுவினான்.

அந்நாட்களிலே சிறையாளரை விடுவித்தது சரியா தவறா என்பதில் அறிஞர் இருசாராராய் நிற்கலாம். அகப்பட்டவர்களுள் தம் பிள்ளை இருந்தால் எவர்தாம் வேறு முடிவு கூறுவர்? யான் வருந்துவது, அதற்குப் பிந்திய நிகழ்ச்சிகளைக் கண்டே. ஒவ்வொரு தேர்தலிலும் காந்தஹார் என்னும் பெயரை ஒரு கட்சியார் வசைமொழியாக வீசுகின்றனர். மறு கட்சியார் அதற்கு எதிராக வேறொரு பழங்குற்றத்தை வீசுகின்றனர். அமிர்தசரஸில் அந்த முக்கால் மணி எங்ஙனம் கழிந்தது, அடுத்த முறை எவர் எத்தனை நிமிஷத்தில் முடிவு செய்வது என்னும் கேள்விகளோ தேர்தல் மேடையில் எழுவதில்லை. அவற்றிற்குக் கைதட்டல் கிடையாதன்றோ?

காந்தஹார் நிகழ்ச்சியால் ஒரு நன்மையும் விளைந்தது. விமான நிலையங்களின் காவல் மாநிலப் போலீஸாரிடமிருந்து படிப்படியாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு மாற்றப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஜயப்பூரிலே இம்மாற்றம் தொடங்கிற்று. நம் ஆவடியைக் கடந்து மேற்கே செல்லும் இருப்புப் பாதையிலே அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் அப்படையின் பயிற்சி நிலையம் ஒன்று உளது. நம் பக்கத்து இளைஞரும் அப்படையிலே சேர்கின்றனர். வாயிலில் நிற்பவர் நம் தம்பியர். அவர்கள் தம் கடமையைச் செய்கின்றனர். அவர்களுக்கு மேலிருப்போர் தம் கடமையைச் செய்கின்றனரா என்பதே கேள்வி.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. அமெரிக்காவிலே 2001-ஆம் ஆண்டுக்குப் பின் நிறுவப்பட்ட போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திற்கு, 2009-ஆம் ஆண்டிலே ஒபாமா குறித்த தலைவரின் நியமனத்தை ஒரு செனட்டர் தடுத்து வைத்திருந்தார். அங்குள்ள சோதனை ஊழியர்க்குத் தொழிற்சங்க உரிமை கொடுக்கப்படுமோ என்பதே அவர் எழுப்பிய வழக்கு. அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் பறந்த விமானத்தில் ஒருவன் தன் உள்ளாடையில் மறைத்த வெடிமருந்தைக் கொளுத்த முயன்றான்; பிரயாணிகளே அவனை அடக்கினர். அவனுடைய தந்தையார் நைஜீரியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திற்குச் சென்று தம் மகனைப்பற்றி முன்னரே எச்சரித்திருந்தார்! பெற்ற தந்தையே ஒற்றனாகி வந்து கூறியும், செய்தி உரிய இடத்தைச் சேரவில்லை. மீனம்பாக்கத்திலே தொலைபேசியில் வந்த குரலுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்தது. மறுநாள் முதல் இரு கட்சியாரும் ஒருவரையொருவர் பழிக்கத் தொடங்கினர்.

இனி நம் பூவிருந்தவல்லிக்கே திரும்புவோம். 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி இரவு, ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் விமானத்தினின்று இறங்கிப் பூவிருந்தவல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் சென்று, அங்கே மனித வெடிகுண்டுக்கு இரையானார். அச்சூழ்ச்சியை நடத்திய சிவராசன், அதற்கு ஏறத்தாழ ஓராண்டின் முன், 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் அவர்தம் தோழரும் கொல்லப்பட்ட செயலிலும் ஈடுபட்டவன் என்று புலனாய்வாளர் கண்டனர். அன்று தப்பியவனே இன்று திரும்பி வந்தான். அவ்வழக்கு பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றத்திலே நடைபெற்றது. 1998-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி அந்நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அவர்களுள் நால்வருக்கே அத்தண்டனையை உறுதிப்படுத்தியது.

அக்கொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதனைக் காட்டித் தி. மு. கழக மந்திரிகளை நீக்கவேண்டுமென்று காங்கிரஸ் கேட்டது. குஜ்ரால் மந்திரிசபை கவிழ்ந்தது. ஏழே ஆண்டுகளில், 2004-ஆம் ஆண்டுத் தேர்தலிலே, அவ்விரு கட்சிகளும் கைகோத்து நின்றன. 1997-இல் அறிக்கை உண்மையாயின் 2004-இல் அது எங்கே போயிற்று? பொய்யாயின் 1997-இல் ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தது எதற்கு? கொலையுண்டாரின் பெயரால் அமைந்த விசாரணை, கட்சிகளின் சதுரங்கத்திலே ஒரு காயாயிற்று.

அதே பூவிருந்தவல்லி மற்றொரு வழக்கையும் கண்டது. 2002-ஆம் ஆண்டு பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதனைப் பார்லிமெண்டிலே ஆதரித்த ம. தி. மு. கழகத் தலைவர் வைகோவே, அவ்வாண்டு ஜூலையில், விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக அச்சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். அயல்நாட்டிலிருந்து திரும்பிய அவரைப் போலீஸார் எதிர்கொண்டு கைதுசெய்த இடம் சென்னை விமான நிலையமே. வெடிப்பெட்டியை அகற்ற ஒரு காலத்தில் தயங்கிய அந்நிலையத்திலே, ஒரு மேடைப் பேச்சுக்காக மனிதரைப் பிடிக்கத் தயக்கமே இருக்கவில்லை. ஒரு கொள்கைக்கு வாயளவில் ஆதரவு தெரிவிப்பது மட்டுமே அச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2003-ஆம் ஆண்டு டிசம்பரிலே விளக்கிற்று. ஏறத்தாழ பத்தொன்பது மாதம் சிறையிலிருந்தபின் அவர் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜாமீனில் வெளிவந்தார். அவ்வாண்டிலேயே ஆட்சி மாறிற்று; சட்டமும் நீக்கப்பட்டது. இது யாது காட்டுகின்றது? ஒரு கட்சி ஆட்சிக்கு வரும்போது வாளாகவும், மறு கட்சி வரும்போது துரும்பாகவும் மாறும் சட்டத்தை மக்கள் நம்பார். மக்கள் நம்பாத சட்டத்திற்கு அவர்கள் செய்தி கொண்டுவந்து தாரார். செய்தி வாராத இடத்தில் எக்ஸ்-ரே கருவி ஒன்றே மிஞ்சும்.

இவ்விடத்திலே சிலர் என்னை மறுத்துக் கேட்பர்: "கட்சிகள் இன்றிக் குடியாட்சி ஏது? ஆளுங்கட்சியின் குற்றத்தை எதிர்க்கட்சி எடுத்துக் கூறாவிடின் வேறு எவர் கூறுவர்? தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் எல்லாரும் வாய்மூடி இருக்கவேண்டுமோ?" இது தக்க வினா; இதனை எளிதில் தள்ளுதல் ஆகாது. பாதுகாப்பின் பெயரால் வாயடைக்கும் ஆட்சியைப் பூவிருந்தவல்லியிலேயே கண்டோம். ஆதலின் கேள்வி கேட்பதை யான் தடுக்கவில்லை. இன்னும் கடுமையாகக் கேட்க வேண்டுமென்பதே என் கருத்து. ஆனால் கேள்விக்கும் வசைக்கும் வேற்றுமை உண்டு. "பெட்டியை அகற்றத் தாமதித்தது எதனால்?" என்பது கேள்வி, அதற்கு விடை கிடைத்தால் நாளை ஓருயிர் பிழைக்கும். "உங்கள் ஆட்சியில் அன்றோ வெடித்தது?" என்பது வசை, அதனால் எவரும் பிழைத்ததில்லை.

இவ் வேற்றுமையைக் காத்தற்கு மூன்று காரியங்கள் வேண்டுமென்று தோன்றுகின்றது. முதலாவது, எக்கட்சியாயினும், தன்னைச் சார்ந்தவன் பொதுமக்கள் உயிரை அச்சுறுத்தும் செயலைச் செய்தானாயின், அவனை அன்றே விலக்குதல் வேண்டும். அவனுக்கு வேட்பாளர் பதவியோ மாலையோ கொடுத்தல் கூடாது. இரண்டாவது, பெருங் கேடு நிகழ்ந்தவிடத்து அதன் காரணத்தை ஆராயும் குழுவில் இரு பக்கத்தாரும் சமமாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவிலே 2001-ஆம் ஆண்டுக் கொடுமையை ஆராய்ந்த குழுவிலே ஒரு கட்சியார் ஐவரும் மறு கட்சியார் ஐவரும் இருந்தனர். 2004-ஆம் ஆண்டு அவர்கள் ஒரே குரலாக அறிக்கை வெளியிட்டனர். பூசலுக்குப் பேர்போன அந்நாட்டில் இயன்றது நமக்கு இயலாதோ? கனிஷ்காவைப்பற்றிய கனடாவின் முழு அறிக்கையோ 2010-ஆம் ஆண்டிலே, 25 ஆண்டுகள் கழித்தே வந்தது. மாண்டோரின் பெற்றோரிற் பலர் அதனைக் காணும் வரை உயிரோடிருந்திலர். தாமதமான உண்மை பாதி உண்மையேயாம். மூன்றாவது, பயங்கரவாதத்தைத் தடுக்கும் சட்டம் எதுவாயினும், அதனை ஆளுங்கட்சி தன் பகைவர்மேல் ஏவாதபடி நீதிபதிகளின் காவல் அதற்கு முதலிலிருந்தே அமைதல் வேண்டும். 2012-ஆம் ஆண்டு தேசியப் பயங்கரவாதத் தடுப்பு நிலையம் ஒன்றை நிறுவ மத்திய அரசாங்கம் முயன்ற காலத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் முதல் மந்திரிகள் அதனை எதிர்த்தனர், திட்டம் நின்றுபோயிற்று. தம் உரிமையை மத்தியிலுள்ள கட்சி பறித்துக்கொள்ளும் என்னும் அச்சமே காரணம். அவ்வச்சத்தைப் போக்காது நிலையம் கட்ட முயன்றது, அடித்தளமின்றி மாடி கட்ட முயன்றது போலாம்.

மாணவ நண்பர்களே! இவையெல்லாம் மந்திரிகளுக்கும் தலைவர்களுக்கும் சொல்ல வேண்டியவை, நமக்கு இதில் என்ன என்று நீங்கள் எண்ணக்கூடும். தலைவர்கள் வானத்தினின்று இறங்கி வருவதில்லை. உங்கள் வகுப்பறைகளிலிருந்தே செல்கின்றனர். ஒரு கொடுஞ்செயல் நிகழ்ந்தது என்று கைபேசியில் செய்தி வந்தவுடன், நம் மனத்தில் முதலில் எழும் வினா யாது? "எத்தனை பேர் மாண்டனர், எவர்க்கு உதவி வேண்டும்?" என்பதா? "செய்தவன் எந்த ஜாதி, எந்த மதம், எந்தக் கட்சி?" என்பதா? இரண்டாவது வினா முதலில் எழுமாயின், நோய் தலைவர்களிடத்து மட்டும் இல்லை, நம்மிடத்தும் உண்டு. அதனைச் சோதிக்கும் கருவி எவ்விமான நிலையத்திலும் இல்லை. அவரவரே தம் நெஞ்சைத் திறந்து சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

அம் மூதாட்டியார் ஊறுகாய்ச் சாடியைக் காவலரிடம் விட்டுவிட்டுச் சென்றார். போகும்போது, "நீயாவது சாப்பிடு, அப்பா, வீணாக்காதே" என்று கூறிச் சென்றார். விதிக்கு அடங்கி, விதியைக் காப்பவரிடத்து அன்பும் காட்டி, அவர் தம் பங்கைச் செவ்வனே செய்துவிட்டார். காவலரும் தம் பங்கைச் செய்தார். நாட்டை ஆள்வோரும் ஆள விழைவோரும் தம் பங்கைச் செய்வரேல், மீனம்பாக்கத்தில் அன்றிரவு மாண்டோர்க்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகும்.